கண்ணு தெரியாதவங்க தனியா புழங்குற தோட்டம், குருவிகளுக்கும் சேத்து: செட்டிநாட்டு வீட்டுல எப்படி போடலாம்

எனக்கு பார்வை முழுசா போயி ரொம்ப வருஷமாச்சு. காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர்ல எங்க பழைய வீட்டுக்கு பின்னாடி இருக்குற தோட்டத்த நான்தான் பாத்துக்குறேன், விதை போடுறது, தண்ணி விடுறது, காய் பறிக்கிறது எல்லாமே. சொந்தத்துலயும் தெரிஞ்சவங்கள்லயும் சக்கரையால கண்ணு மங்குனவங்க, க்ளாக்கோமா வந்தவங்க, பொறவியிலேயே தெரியாதவங்கன்னு பல பேரு எப்படிம்மா பண்றேன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிட்டா நல்லதுன்னு தோணுச்சு.

பார்வை இல்லாதவங்களுக்கு தோட்டம்னு யாராவது ஆரம்பிச்சா ஒடனே மல்லி, முல்லை, மரிக்கொழுந்து, துளசின்னு வாசனைச் செடியா கொண்டாந்து ஒரே எடத்துல அடுக்கி ஒரு நாற்காலியும் போட்டு "உக்காந்து வாசம் புடிங்க"ன்னு விட்டுருவாங்க. நல்ல மனசோடதான் செய்றாங்க, ஆனா அங்க நமக்கு வேலையே இல்லையே. எனக்கு மண்ண கிளறணும், நட்டது எப்படி வளருதுன்னு தெனம் தொட்டு பாக்கணும், யாரையும் கூப்புடாம கிணத்தடி வரைக்கும் போயி திரும்பி வரணும். அப்ப தோட்டம்தான் "நீ இப்ப இங்க நிக்கிற"ன்னு எனக்கு சொல்லணும். அத சொல்றதுக்கு பறவைகள விட்டா ஆளு கெடையாதுன்னு நான் நம்புறேன். தண்ணித் தட்ட எங்க வைக்கிறோமோ அங்கதான் குருவி வரும், குருவி வர்ற எடத்துலேருந்துதான் சத்தம் வரும், அப்ப சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வரணும்ங்குறத நாமளே தீர்மானிக்கலாம். இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க, பாதை போடுறதுலேருந்து மரம் வைக்கிற வரைக்கும் எல்லாம் இதுலதான் வந்து நிக்கும்.

மொதல்ல பாதை

பின்வாசப்படியிலேருந்து ஆரம்பிங்க. எல்லா கணக்கும் அந்த படியிலேருந்துதான், ஏன்னா எங்க தொலைஞ்சு போனாலும் அங்க வந்து சேந்துட்டா மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். பாதை வளைஞ்சு நெளிஞ்சு இருந்தா அழகுன்னு சொல்லுவாங்க, நமக்கு அது வேண்டாம், நேர் கோடா போகட்டும், திரும்புற எடம் எல்லாம் சரியா எல் மாதிரி மடங்கட்டும். தனியா கோல் புடிச்சு நடக்க மூணு அடி அகலம் வேணும், ஒருத்தர் முழங்கைய புடிச்சுக்கிட்டு கூட நடக்குறவங்களா இருந்தா நாலு அடி. ரெண்டு ஓரத்துலயும் செங்கல்ல குத்துக்கல்லா பதிச்சு நாலு இஞ்ச் ஒசரமா விட்டுட்டா கோல் அந்த ஓரத்துலயே உரசிக்கிட்டு போகும், நடு வழியில தடுமாற்றமே வராது. கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கவங்களுக்கு அந்த செங்கல்லுக்கு வெள்ளை சுண்ணாம்பு அடிச்சு விடுங்க, நம்ம ஊரு செம்மண்ணுக்கு பக்கத்துல வெள்ளை பளிச்சுன்னு தெரியும்.

தரைக்கு நம்ம ஊர்ல எல்லாரும் மொதல்ல நெனைக்கிறது ஆத்தங்குடி கல்லுதான், வீட்டுக்குள்ள அதுக்கு ஈடு இல்ல, ஆனா தோட்டத்துக்கு தயவு செஞ்சு போடாதீங்க. அவ்வளவு வழுவழுப்பு, மேல தண்ணி பட்டா கால் நிக்காது. செம்புராங்கல்லு சொரசொரப்பா இருக்கும், அது நல்லது. இடிச்ச வீடுகள்லேருந்து பழைய நாட்டு ஓடு கெடைக்கும், அத ஒடச்சு திரும்புற எடத்துல மட்டும் ரெண்டு அடி நீளத்துக்கு கொட்டி வச்சா மிதிக்கும்போது நொறுக்கு நொறுக்குன்னு சத்தம் வரும், சரி இங்கதான் திரும்பணும்னு காலே சொல்லிரும். பாதை முழுக்க கொட்டிடாதீங்க, எல்லா எடமும் ஒரே சத்தமா இருந்தா அப்புறம் அதுல தகவலே இருக்காது.

கோல் தரையில இருக்குறதத்தான் சொல்லும், மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்குற கிளைய சொல்லாது. பாதைக்கு மேல ஏழு அடி வரைக்கும் ஒரு கிளையும் நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, பந்தல் போட்டாலும் அதே ஒசரம். செடிக்கு ஊனுற குச்சி எல்லாத்துக்கும் உச்சியில கொட்டாங்குச்சிய கவுத்து கட்டி விடுங்க, குனிஞ்சு களை எடுக்கும்போது குச்சி முனை கண்ணுல குத்துறது ரொம்ப சாதாரணமா நடக்குற விபத்து. பார்வை இல்லைன்னாலும் கண்ணு வலிக்கும், சீழ் புடிக்கும், அதனால வேலை செய்யும்போது ஒரு வெள்ளை கண்ணாடி போட்டுக்கோங்க.

கிணறு. செட்டிநாட்டுல பின்னாடி கிணறு இல்லாத பழைய வீடு கம்மி, பல கிணத்துல சுத்துச்சுவரு இடிஞ்சு முட்டி ஒசரத்துக்குத்தான் இருக்கும். இடுப்பு ஒசரத்துக்கு கட்டி, மேல இரும்பு கம்பி வலை அடிச்சு பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு செடி கூட வைக்காதீங்க. இதுல சமாதானமே கெடையாது.

சத்தத்தால எல்லை போடுறது

படியிலேருந்து நேரா போனா கிணறு, கிணத்துக்கு தெக்க காய்கறிப் பாத்தி, வடக்க பழமரம், கடைசியில மதில்னு எங்க தோட்டம். ஒங்களுதும் ஏறக்குறைய இப்படித்தான் நீளமா இருக்கும். இதுல மூணு எடத்துல சத்தம் வர்ற மாதிரி பண்ணணும். மூணு போதும், அதுக்கு மேல போனா ஒண்ணோட ஒண்ணு கலந்துரும்.

ஒண்ணு, சொட்டுற தண்ணி. ஒரு மண்பானைக்கு அடியில ஆணியால சின்ன ஓட்டை போட்டு அதுல பருத்தித் துணித் திரிய சொருகி, அகலமான மண்தட்டுக்கு மேல ரெண்டு அடி ஒசரத்துல தொங்க விடுங்க. டொப் டொப்னு சொட்டிக்கிட்டே இருக்கும். நமக்கு அது எல்லைக்கல்லு, பறவைக்கு அது அழைப்பு, ஏன்னா தேங்கி நிக்கிற தண்ணிய விட சொட்டுற தண்ணி சத்தத்துக்கு குருவி சீக்கிரம் வரும். நான் இத பாதையோட கடைசி திருப்பத்துல வச்சுருக்கேன்.

ரெண்டாவது, தானியம் போடுற திட்டு, இது காய்கறிப் பாத்திக்கு அந்தப் பக்கம். தவிட்டுக்குருவியும் மைனாவும் அங்க சண்டை போடுற சத்தம் எந்தத் திசையில கேக்குதுன்னு வச்சே நான் பாத்தி வரிசைய புடிச்சுருவேன். மூணாவது, கிணத்தடி கம்பத்துல ஒரு சின்ன வெங்கல மணி, இது காத்துக்கு அடிக்கும். விண்ட் சைம் பெருசா வாங்கி மாட்டாதீங்க, ஓயாம சலசலன்னு அடிச்சா குருவி சத்தமே காதுல விழாது, நம்ம பின்னாடி யாரு வர்றாங்கன்னும் தெரியாது.

வாசனையும் இதே மாதிரிதான் எடத்துக்கு ஒண்ணு. படியோரம் துளசி, கிணத்தடியில கற்பூரவல்லி, பாதை முடிவுல பவளமல்லி. கற்பூரவல்லி இலை தடியா மெத்துமெத்துன்னு பூனை முடியோட இருக்கும், தொட்டாலே தெரிஞ்சுரும், ஒரு இலைய கசக்கிட்டா சந்தேகமே இல்ல. எல்லா வாசமும் ஒரே எடத்துல இருந்தா மூக்கு கொழம்பிப் போயிரும்.

பாத்தி, விதை, தண்ணி

குனிய முடியாதவங்க, வயசானவங்களுக்கு ரெண்டரை அடி ஒசரத்துல செங்கல் வச்சு மேடைப் பாத்தி கட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் நின்னு வேலை செய்றதா இருந்தா அகலம் ரெண்டு அடிய தாண்டக்கூடாது, ரெண்டு பக்கமும் நிக்கலாம்னா நாலு அடி. கை எட்டாத எடத்துல நட்ட செடி நம்மளுக்கு இல்லாத செடிதான். தரைப் பாத்தி போடுறவங்களும் இதே அளவ வச்சுக்கோங்க.

வரிசைக்கு ஒரு தேங்கா கயித்துல அடிக்கு ஒரு முடிச்சு போட்டு ரெண்டு முளைக்குச்சில இழுத்து கட்டுங்க. வெண்டைன்னா ஒவ்வொரு முடிச்சுலயும் ஒண்ணு, கத்திரின்னா ஒரு முடிச்சு விட்டு ஒரு முடிச்சு. கயித்த கையால தடவிக்கிட்டே போயி முடிச்சு வந்ததும் ஆள்காட்டி விரல ஒரு கணு அழுத்தி குழி, உள்ள ரெண்டு விதை, மூடிட்டு அடுத்தது. கீரை விதை பொடிசு, விரல்ல நிக்காது, ஒரு பங்கு விதைக்கு பத்து பங்கு காஞ்ச மணல் கலந்து தூவுங்க.

எல்லாரும் கேக்குற கேள்வி, மொளைக்கிறது நம்ம செடியா களையான்னு எப்படி தெரியும்னு. பழைய பிளாஸ்டிக் வளையல் இருக்குல்ல, விதை போட்ட எடத்துல அத பாதி அளவுக்கு மண்ணுல அழுத்தி வச்சுருங்க. வளையலுக்குள்ள மொளைக்கிறது நம்மளுது, வெளிய மொளைக்கிறது களை, யோசிக்காம புடுங்கலாம். செடி ஒரு சாண் வளந்ததும் தண்டு பெருக்குறதுக்கு முன்னாடி வளையல வெட்டி எடுத்துருங்க. இத எங்க ஆயா கிட்ட சொன்னப்ப, "அடி ஆத்தி, ஒடஞ்ச வளையலுக்கு கூட ஒரு சோலி குடுத்துட்டியே"ன்னு சொன்னாக, அதுலேருந்து ஊர்ல புள்ளைக போட்டு கழிச்ச வளையல் எல்லாம் அவுக மூலமா எங்க வீட்டுக்கு வந்துரும்.

பெயர் எழுதி வைக்க பிரெய்ல் தெரிஞ்சவங்க பழைய எக்ஸ்ரே பிலிம கீத்து கீத்தா வெட்டி சிலேட்டு, ஸ்டைலஸ் வச்சு குத்தி குச்சில கட்டலாம், மழைக்கு பேப்பர் மாதிரி ஊறிப் போகாது. வயசான பெறகு பார்வை போனவங்க நெறைய பேருக்கு பிரெய்ல் தெரியாது, அவங்க முடிச்சு வச்சுக்கலாம், கத்திரிக்கு ஒரு முடிச்சு, தக்காளிக்கு ரெண்டு, மொளகாய்க்கு ஒரு பெரிய பொத்தான். எந்த அடையாளமா இருந்தாலும் பாத்தியோட இடது முனையிலதான் கட்டணும்னு ஒரு முறை வச்சுக்கோங்க, இல்லன்னா அடையாளத்த தேடுறதுக்கே ஒரு பொழுது போயிரும்.

தண்ணி பத்துமான்னு பாக்க நடுவிரல ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடுங்க, நுனியில ஈரம் இருந்தா அன்னைக்கு வேண்டாம். தொட்டியா இருந்தா ஒரு பக்கமா சாச்சு தூக்கி பாத்தாலே கனத்துல தெரியும். பெரிய பாத்திக்கு சொட்டுநீர் குழாய் போட்டுட்டா ஓஸ் பைப்ப இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம், பாதையில கெடக்குற ஓஸ் மாதிரி கால தட்டி விடுறது வேற எதுவும் இல்ல. களைக்கொத்தி, கத்தரி எல்லாம் ஒரு பனையோலைக் கொட்டான்ல போட்டு கயித்தால இடுப்புல கட்டிக்கோங்க, அருவா மட்டும் கொட்டான்ல போடாதீங்க, அது சுவத்துல ஆணியில, தெனம் அதே ஆணியில.

பறிக்கிறது ரொம்ப சுலபம், கை நல்லாவே பழகிரும். வெண்டைக்கா நுனிய வளைச்சா டக்குன்னு ஒடியணும், வளைஞ்சு குடுத்தா முத்திருச்சு. கொய்யா, சப்போட்டா எல்லாம் மூக்கே சொல்லும். மொளகாய கடைசியா பறிங்க, பறிச்சுட்டு சோப்பு போட்டு கை கழுவாம மூஞ்சிய தொடாதீங்க.

குருவிக்கு என்ன வேணும்

தீனி போடுறத விட செடி வைக்கிறதுதான் பெரிய உபகாரம்னு நான் நெனைக்கிறேன். தேன்சிட்டுக்கு செம்பருத்தி, இட்லிப்பூ, வாழைப்பூ, முருங்கைப்பூ. கொண்டைக்குருவிக்கு கோவைப்பழம், வேப்பம்பழம். குக்குறுவானுக்கும் குயிலுக்கும் அத்தி, ஆலு, அரசு. மருந்து அடிக்காத செடின்னா புழு இருக்கும், புழு இருந்தாத்தான் குஞ்சுக்கு எரை, தானியம் தின்னுற சிட்டுக்குருவி கூட குஞ்சுக்கு புழுவும் பூச்சியும்தான் கொண்டாந்து ஊட்டும். அதனால பூச்சி மருந்து பாட்டிலே வீட்டுல வேண்டாம், நமக்கும் அது ஆபத்து, தப்பான பாட்டில எடுத்துட்டா யாரு சொல்லுவா. எலிக்கு விஷம் வைக்கிறதும் வேண்டாம், அந்த எலிய தின்ன ஆந்தையும் கூகையும் செத்துரும்.

இங்கதான் ஒரு மோதல் வரும், அத மறைக்காம சொல்லணும். பறவைக்கு அடர்த்தியான புதரு, முள்ளு, பட்டுப்போன கிளை இதெல்லாம் வேணும், நமக்கு வழி சுத்தமா, தடங்கல் இல்லாம இருக்கணும். ரெண்டையும் ஒரே எடத்துல கலந்தா ரெண்டு பேருக்கும் ஆகாது. அதனால பின்மதில ஒட்டி ஒரு ஆறு அடி அகலத்த அப்படியே பறவைக்குன்னு விட்டுருங்க. எலுமிச்சை, காகிதப்பூ, கோவைக்கொடி எல்லாம் அங்க மண்டிக் கெடக்கட்டும், காஞ்ச எலைய கூட்டாதீங்க, பட்டுப்போன முருங்கைக் கிளைய வெட்டாதீங்க, குக்குறுவான் அதுல பொந்து குடைஞ்சு முட்டை வைக்கும். அந்த ஆறு அடிக்கு முன்னால முழங்கால் ஒசரத்துக்கு ஒரு கயிறு கட்டி, நாம அதுக்கு அந்தப் பக்கம் போறதில்லன்னு வச்சுக்கணும். அரளி, எருக்கு, ஊமத்தை மட்டும் எங்கயும் வேண்டாம், எருக்கம்பாலு கண்ணுல பட்டா கண்ணுக்கு ஆபத்து, அரளி முழுக்க விஷம்.

தண்ணித் தட்டு மண்ணுலதான் இருக்கணும், உள்பக்கம் சொரசொரப்பா. ஆழம் நடுவுல ரெண்டு இஞ்சுக்கு மேல வேண்டாம், நடுவிரல்ல ரெண்டு கணு நனைஞ்சா போதும், நடுவுல ஒரு கல்லு போட்டா சின்ன சிட்டு கூட நின்னு குடிக்கும், குளிக்கும். தெனம் காலையில தண்ணிய பக்கத்துச் செடிக்கு கொட்டிட்டு தேங்கா நாரால தேச்சு கழுவி புதுசா ஊத்துங்க, சோப்பு போடாதீங்க. கொசு முட்டை கொசுவாகி பறக்க ஒரு வாரம் பத்து நாளு ஆகும், தெனம் மாத்துனா அதுக்கு வழியே இல்ல. பங்குனி சித்திரையில ஊருணி, கண்மாயி எல்லாம் வத்திப் போகும்போது இந்த தட்டு ஒண்ணுதான் சுத்துவட்டாரத்துக்கே, அப்ப ரெண்டு நேரம் ஊத்துங்க.

தானியம் போட்டே ஆகணும்னா கம்பு, தினை, குருணை இதுல ஏதாவது ஒரு கைப்பிடி, காலையில மட்டும், இடுப்பு ஒசர திட்டுல. மிச்சத்த மத்தியானத்துக்குள்ள வழிச்சு எடுத்துருங்க. தரையில சிந்துன தானியத்துக்கு எலி வரும், எலிக்கு பாம்பு வரும், இது நம்ம ஊர்ல கதை இல்ல. மிச்சர், உப்பு போட்ட சோறு எல்லாம் வேண்டாம். அறுவடை நேரத்துல நெற்கதிர்க் கத்தை கெடைச்சா முகப்புல தொங்க விடுங்க, சிட்டுக்குருவி வந்து கொறிச்சுட்டு போகும், பழைய வீடுகள்ல அது எப்பவும் இருந்த பழக்கம்தான். சிட்டுக்குருவிக்கு பெட்டி வைக்கிறதா இருந்தா வாசல் ஓட்டை ஒண்ணேகால் இஞ்ச், அதுக்கு மேல பெருசா போனா மைனா புகுந்துரும், எட்டு பத்து அடி ஒசரத்துல, வெயில் நேரா படாம, மின்விசிறி ஓடாத எடத்துல.

மயிலுக்கு யாரும் எதுவும் வைக்க வேண்டாம், அதுவா வந்து மொளைச்ச நாத்த எல்லாம் கொத்திட்டு போகும், நம்ம பக்கத்துல இது பெரிய தொந்தரவு. அதுக்காக நைலான் வலை போடாதீங்க, அதுல குருவியும் ஓணானும் பாம்பும் மாட்டி சாகும், நம்ம காலும் மாட்டும். மூங்கில் பத்தைய வளைச்சு ஊனி பழைய வேட்டிய மேல போத்தி விடுங்க, நாத்து ஒரு முழம் வளந்ததும் எடுத்துரலாம். கொய்யாவுக்கு துணிப்பை கட்டுங்க, ஒரு கிளைய மட்டும் கட்டாம கிளிக்கு விட்டுருங்க. வீட்டுல பூனை இருந்தா கழுத்துல மணி கட்டுங்க, குருவியும் தப்பிக்கும், பூனை காலுக்குள்ள வர்றதும் நமக்கு தெரியும்.

காவக்காரங்க

பாம்பு பயத்தாலதான் நெறைய பேரு பார்வை இல்லாதவங்கள தோட்டத்துக்கே விடுறதில்ல. பயம் நியாயமானது, செட்டிநாட்டுல நல்ல பாம்பும் உண்டு, கண்ணாடி விரியனும் உண்டு. ஆனா தோட்டத்துல பறவை நெறைய இருந்தா நம்ம கண்ணா அதுக இருக்கும்ங்குறத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. தவிட்டுக்குருவி கூட்டமாத்தான் திரியும், சாதாரணமா சலசலன்னு பேசிக்கிட்டே இருக்கும், பாம்பையோ பூனையையோ பாத்துட்டா அத்தனையும் ஒரே எடத்துல கூடி விடாம கத்தும், கொஞ்ச நேரத்துல கொண்டைக்குருவி சேரும், அணிலும் கிரீச் கிரீச்சுனு ஆரம்பிக்கும். அந்த சத்தம் சண்டை சத்தம் மாதிரி வந்து போகாது, ஒரே எடத்த பாத்து நிக்காம வரும், பாம்பு நகந்தா சத்தமும் கூடவே நகரும். அப்படி கேட்டா கைய மண்ணுலேருந்து எடுத்துட்டு படிக்கு திரும்பிடுங்க, கண்ணு தெரிஞ்ச யாரையாவது பாக்க சொல்லுங்க. "அத்தை, தவிட்டுக்குருவி கத்துது, வெளிய வராதீங்க"ன்னு எங்க தம்பி மகன் எனக்கே சொல்ற அளவுக்கு இது எங்க வீட்டுல எல்லாருக்கும் பழகிருச்சு.

குருவிய மட்டும் நம்பியும் இருக்கக்கூடாது. மூடுன செருப்பு இல்லாம எறங்காதீங்க, கால நல்லா ஊனி நடங்க, கோலால தரைய தட்டிக்கிட்டு போங்க. தொட்டிய நகத்துறதுக்கு முன்னாடி, சருகுக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி குச்சியால ரெண்டு தட்டு, தேளு, பூரான் எல்லாம் தொட்டிக்கு அடியிலதான் குடியிருக்கும். இருட்டுனதுக்கு அப்புறம் தோட்டம் வேண்டாம், நமக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணுதானேன்னு தோணும், பாம்புக்கு அப்படி இல்ல. ஒருவேளை கடிச்சுட்டா கீறுறது, கட்டு போட்டு இறுக்குறது, மந்திரிக்க கூட்டிட்டு போறது எதுவும் வேண்டாம், கடிச்ச எடத்த அசைக்காம 108க்கு அடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு போயிடணும். கழுத்துல ஒரு விசிலும் பையில போனும் எப்பவும் இருக்கட்டும்.

காதால பறவைய கத்துக்குறது

ஒரேயடியா பத்து பறவை கத்துக்க பாக்காதீங்க. ஒரே எடத்துல, ஒரே நேரத்துல, தெனம் கொஞ்ச நேரம் உக்காருங்க. விடியக்காலம் மாசி பங்குனியிலேருந்து குண்டுகரிச்சான் மொட்டை மாடி உச்சியிலேருந்து விசில் அடிக்கிற மாதிரி பாடும், நம்ம பக்கத்துல அத விட நல்லா பாடுற பறவை இல்லங்குறது என் முடிவு. செம்போத்து ஆழமா ஊப் ஊப் ஊப்னு, அது புதருக்குள்ள தரையோரமா நடமாடும், நம்ம பின்மதிலு பக்கம்தான் இருக்கும். மத்தியான வெயில்ல எல்லாம் அடங்குனதுக்கப்புறமும் டுக் டுக் டுக்னு ஒரே சீரா கேட்டா குக்குறுவான். உருவத்துக்கு சம்பந்தமே இல்லாம பெருங்குரல்ல டுவிட் டுவிட்னு கத்துறது தையல்சிட்டு. பொழுது சாஞ்சதும் கிரீச்சுனு கூச்சல் போட்டு வர்றது புள்ளி ஆந்தை, அத சகுனம்னு வெரட்டாதீங்க, எலிய புடிக்கிற ஆளு அது.

பேரு தெரியலன்னா போன்ல மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்து பறவை ஆய்வகம் இலவசமா குடுக்குறது, சத்தத்த கேட்டு பேரு சொல்ற வசதி 2021ல வந்துச்சு. திரையில வர்ற பேர டாக்பேக், அதாவது போன்ல திரைய சத்தமா வாசிக்கிற வசதி, படிச்சு காட்டும். அது சொல்றத அப்படியே எடுத்துக்காம ரெண்டு மூணு தடவ கேட்டு ஒத்து பாத்துக்கோங்க. பதிவு பண்ண பறவைக் குரல ஸ்பீக்கர்ல போட்டு பறவைய கூப்புடாதீங்க, முக்கியமா கூடு கட்டுற காலத்துல, வேற பறவை எல்லைக்குள்ள வந்துருச்சுன்னு நெனச்சு முட்டைய விட்டுட்டு அலையும்.

தொட்டு பாத்துத்தான் நமக்கு எதுவும் மனசுல பதியும், ஆனா குருவி இருக்குற கூட்ட மட்டும் தொடக்கூடாது. கத்திரிச் செடியில காய் தேடும்போது எலை ரெண்டு சேந்து தச்ச மாதிரி குழிவா கையில தட்டுப்பட்டா அது தையல்சிட்டு கூடு, அப்படியே கைய எடுத்துட்டு குஞ்சு பறக்குற வரைக்கும் அந்தச் செடிய விட்டுருங்க. தொட்டு பாக்க ஆசைன்னா மழைக்காலம் முடிஞ்சு பனைமரத்துக்கு அடியில விழுந்து கெடக்குற தூக்கணாங்குருவி கூட்ட எடுத்து பாருங்க, அந்த பின்னல் ஒவ்வொரு நாரா விரல்ல படும்போது நமக்கே கூடை பின்னணும்னு ஆசை வரும்.

கார்த்திகை மார்கழி வாக்குல முடிஞ்சா ஒரு தடவ நம்ம சிவகங்கை மாவட்டத்து திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு போயிட்டு வாங்க, 1977லயே சரணாலயமா ஆக்குனது. அத ஒட்டி இருக்குற கொள்ளுக்குடிப்பட்டி ஊரு சனங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல. கண்மாய்க் கரையில நின்னா நாரைக் குஞ்சுகளோட கூச்சலும் அலகு அடிக்கிற சத்தமும் தண்ணிக்கு மேல அப்படியே வரும், பைனாகுலர் இருக்கவங்களுக்கு தெரியாத நெறைய விஷயம் நமக்கு அங்க கேக்கும். வளந்த நத்தைக்குத்தி நாரைக்கு பெருசா குரல் கெடையாது, அலகு ரெண்டையும் தட்டித்தான் பேசிக்கும்.

வீட்டுல இருக்குறவங்களுக்கு

இத வாசிச்சு காட்டிருங்க. எந்த தொட்டியயும் சொல்லாம நகத்தாதீங்க. நகத்துனா கையோட கூட்டிட்டு போயி தொட்டு காட்டுங்க. பாதையில சைக்கிள், வாளி, விறகு எதுவும் நிக்கக்கூடாது. "நீ உக்காரு ஆச்சி, நாங்க பறிச்சு தாரோம்"னு சொல்றது பாசம்தான், ஆனா பறிக்கிறதுக்குத்தான் அவுக நட்டுருக்காக. வேலை செய்யும்போது கூட நிக்கணும்னா நில்லுங்க, கேட்டா மட்டும் சொல்லுங்க, சொல்லும்போது "அங்க, இங்க"ன்னு சொல்லாம "ஒங்க வலது கைக்கு ஒரு சாண் தள்ளி"ன்னு சொல்லுங்க. கோல் புடிச்சு தனியா நடக்க இன்னும் பழகாதவங்கள மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா பார்வை குறைஞ்சவங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு, அங்க வழி சொல்லுவாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு ஆடிப்பட்டம் நல்ல நேரம், ஆனா பாதையும் கிணத்து வலையும் அதுக்கு முன்னாடியே முடிச்சுருங்க. மொத வருஷம் ஒரே ஒரு பாத்தி, ஒரு தண்ணித் தட்டு, ரெண்டு பூச்செடி போதும். ஐப்பசியில மழை புடிச்சுருச்சுன்னா கல்லுல பாசி ஏறும், வாரத்துக்கு ஒரு தடவ சுண்ணாம்புத் தூளும் மணலும் கலந்து வெளக்குமாறால தேச்சு விடுங்க, கையில ஒறையும் கண்ணாடியும் போட்டுக்கிட்டு, தூளு பறவைத் தட்டுல விழாம. கொட்டாங்குச்சி கட்டுன கயிறு ஊறி அந்து போயிருக்கும், ஒவ்வொரு குச்சியா தடவி பாத்து புதுசா கட்டிக்கோங்க.